மூன்றடிக் குழாய்க்கு ஒரு கட்டைவிரல்

மூன்றடி நீளக் குழாய் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இருபத்து மூன்று பேர் கூடி நான்கு மாதம் எடுத்துக்கொண்டார்கள். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. கொங்கு வானூர்தி வல்லுநர் பேரவை, அதற்கு முன்னால் தன் லெட்டர்பேடின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஏழு மாதம் எடுத்துக்கொண்ட அமைப்பு.

குழாய் துளசிமணியின் விமானத்துக்கு. துளசிமணி மோட்டார் வைண்டிங் பட்டறை நடத்துபவள். பல்லடத்துக்குத் தெற்கே, கோழிப்பண்ணைகளுக்கு நடுவே இருந்த ஓடுபாதையின் ஓரம் ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஒன்பது வருடமாகத் தன் கையாலேயே இரண்டு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். இறக்கை முடிந்தது. வால் முடிந்தது. இஞ்சின் ஏறியது. காற்று வடிகட்டியிலிருந்து கார்புரேட்டருக்குக் காற்றைக் கொண்டுபோகிற வளைகுழாய் மட்டும் பாக்கி.

நான்கு மாதமும் பேரவையினர் அயராது உழைத்தார்கள். ஒருவர் சமையலறைச் சிம்னிக்குப் போடுகிற அலுமினியக் குழாயைப் பரிந்துரைத்தார். தன் வீட்டில் ஆறு வருடமாக இருக்கிறதாம், ஒரு புகார் இல்லையாம். இன்னொருவர் காற்று என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினார். டீ வந்தபோதும் அவர் குழாய்க்கு வந்துசேரவில்லை. கடைசியில் தலைவர் எழுந்தார். வான்மாமணி முனைவர் வையாபுரி. முனைவர் பட்டம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை; வான்மாமணி பட்டத்தைப் பேரவையே கொடுத்திருந்தது.

"இரட்டை அடுக்கு!" என்றார் வையாபுரி. "வெளியே ஒரு துணி, உள்ளே ஒரு துணி. உட்புறம் பட்டுப் போல் வழவழப்பு. காற்று தடங்கலின்றிச் செல்லும். உலகமே அதைத்தான் போடுகிறது."

"ஐயா, உள்துணி பசை போட்டு ஒட்டினதுங்க," என்றாள் துளசிமணி. "இஞ்சின் காத்த உறிஞ்சறப்ப, சூடும் பெட்ரோல் ஆவியும் பட்டுப்பட்டுப் பசை விட்டுப்போனா, துணி உள்பக்கமா மடிஞ்சு அடைச்சுக்குமுங்க. வெளிய இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஒத்த அடுக்கு போட்டுக்கறனுங்க. ஒரே துணி, சுத்தியும் சுருள் கம்பி. உள்ள கொஞ்சம் வரிவரியா இருக்கும், அவ்வளவுதான். பிரியறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல."

"பட்டறை அனுபவம் வேறு, அறிவியல் வேறு அம்மிணி," என்றார் வையாபுரி. கைதட்டல் எழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் உடன்பறத்தல் விதி வந்தது.

விதிக்குக் காரணமே மாரப்பனின் கோழிகள். ஓடுபாதைக்கு அடுத்த பண்ணை அவருடையது. முந்தைய தை மாதம் யாரோ வீட்டில் கட்டிய விமானம் ஒன்று அவருடைய மூன்றாம் நம்பர் ஷெட்டின் மேல் வந்து இறங்கியது. ஓட்டியவர் காலொடிந்து பிழைத்தார், கோழிகள் பிழைக்கவில்லை. விசாரணையில், அந்த விமானத்துக்கு யோசனை சொன்னவர்கள் முப்பத்தொரு பேர் என்று தெரிந்தது. முப்பத்தொரு பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "நான் கருத்துதான் சொன்னேன்."

ஒரு நாள் மாரப்பன் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். துளசிமணி ஒரு மாத்திரை டப்பாவிலிருந்து எதையோ குறட்டால் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மிணி அது, அரிசியாட்டம்?"

"அரிசின்னேதானுங்ணா சொல்றோம். சின்ன எலக்ட்ரானிக் சிப்பு. ஒவ்வொரு சாமானத்துக்கும் ஒண்ணு ஒட்டணும். போல்ட்டுல இருந்து உக்கார்ற மெத்தை உறை வரைக்கும். இந்தச் சாமானத்தான் போடறதுன்னு முடிவு பண்ணவங்க அது மேல கட்டைவிரல வெக்கணும். அது ஆளை ஞாபகம் வெச்சுக்கும். அந்தச் சாமானம் மொத பத்து மணி நேரம் பறக்கற வரைக்கும், அவுங்க உள்ள உக்காந்தாத்தான் இஞ்சின் ஸ்டார்ட் ஆகும்."

"ஆரு? முடிவு பண்ணவங்களா?"

"ஆமாங்ணா."

"வண்டில சீட்டு ரெண்டுதான?"

"ரெண்டுதான்."

"பேரவைல இருவத்து மூணு பேராச்சே!"

"அதத்தானுங்ணா கூட்டத்துல படிச்சுக் காட்டினேன்."

"அப்பறம்?"

"அடுத்த கூட்டத்துக்கு நானும் டீக்காரரும் மட்டும்தான் வந்திருந்தோம்."

மாரப்பன் ஷெட் விழுந்த பிறகு முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

துளசிமணி ஆயிரத்து நானூற்றுப் பதினோரு அரிசியிலும் தன் கட்டைவிரலையே வைத்துவிட்டாள். மிச்சமிருந்தது குழாய். அதற்கும் தானே வைத்திருப்பாள். ஆனால் பறக்கும் அனுமதிக்கு உள்ளூர்ப் பேரவையின் ஆட்சேபணையின்மைச் சான்று வேண்டும். சான்றோ வையாபுரியின் சட்டைப் பையில் இருந்தது. அந்த வார ஞாயிறு சூரியன் மறைவதற்குள் முதல் பறப்பு நடக்காவிட்டால் அனுமதி காலாவதியாகும். மூன்று முறை நீட்டித்தாகிவிட்டது, நாலாவது கிடையாது. அதன் பிறகு அதிகாரி ஒருவர் ரம்பத்தோடு வந்து இறக்கையை இரண்டாக அறுத்துவிட்டுப் போவார். ஒன்பது வருடமும் பழைய இரும்புக் கடைக்கு.

வையாபுரி போன் செய்தார். "வெள்ளிக்கிழமை விழா வைத்துக்கொள்வோம். குழாய் என் அன்பளிப்பு. நானே பொருத்திவைக்கிறேன். மேடையிலேயே சான்று."

'மாட்டிட்டுப் போகட்டும், அரிசி ஒட்டாம விட்டாப் போச்சு, சான்று கைக்கு வந்ததும் சனிக்கிழமை கழட்டிட்டு நம்ம குழாயப் போட்டுக்கலாம்' என்று துளசிமணி நினைத்தாள். ஒன்பது வருடத்தில் அவள் போட்ட ஒரே தப்புக்கணக்கு அதுதான்.

விழா மூன்று மணி நேரம் நடந்தது. பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள், பதினெட்டுப் பொன்னாடைகள் போர்த்தினார்கள். அவற்றில் பதினேழு வையாபுரிக்கு. ஒவ்வொரு பொன்னாடையையும் அவருக்குப் பின்னால் நின்ற மனைவி செண்பகவல்லி வாங்கி மடித்து ஒரு பெரிய கட்டைப்பையில் வைத்தார். இருபத்தெட்டு வருடமாக விழாக்களில் அவருக்கு அதுதான் வேலை. பதினெட்டாவது பொன்னாடை ஒலிபெருக்கிக்காரருக்குப் போனது.

விமானத்தைக் கட்டியவளை யாரோ தண்ணீர் பாட்டில் எடுத்துவர அனுப்பியிருந்தார்கள். அவள் பெட்டியோடு திரும்பியபோது கைதட்டல் ஓய்ந்துகொண்டிருந்தது. குழாய், கிளாம்ப் இறுக்கப்பட்டு, இஞ்சினில் மாலை போட்டது போல இருந்தது. சான்று அவள் கைக்கு வந்தது.

சனிக்கிழமை காலை அவள் கழற்ற உட்கார்ந்தாள். ஸ்பேனர் குழாயைத் தொட்டதும் விமானத்தின் கருவிப் பலகை பேசியது. மிக மரியாதையான குரல். யாரோ நல்ல தமிழாசிரியரைப் பிடித்துப் பதிவு செய்திருக்க வேண்டும்.

"இப்பாகம் பதிவு செய்யப்பட்டுள்ளது. தேர்ந்தெடுத்தவர் அனுமதியின்றி அகற்ற இயலாது. செண்பகவல்லி வையாபுரி இன்னும் வரவில்லை. காத்திருக்கிறேன்."

துளசிமணி ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"செம்பகவல்லியா?" என்றார், வேலி ஓரமாக வந்த மாரப்பன். "ஆமா, நான் பார்த்தனே. உங்க டப்பால இருந்து ஒரு அரிசிய எடுத்து ஒட்டுனாங்க. 'இப்போது தலைவர் கட்டைவிரல் பதித்துத் தொடங்கிவைப்பார்'னு மைக்குல சொன்னாங்க. அந்தாளு கையப் பார்த்தாரு. 'வெரல்லெல்லாஞ் சந்தனம், மிஷின் எடுக்காது, நீ வையி'ன்னு சம்சாரத்தோட கையப் புடிச்சு வெச்சுப்போட்டாரு."

"சந்தனம் துடைச்சா போயிருமேங்ணா."

"அத நானும் நெனச்சேன். சம்சாரத்தோட பையில பதினேழு துண்டு இருந்துதே!"

*

சனி மாலை துளசிமணி வையாபுரியின் வீட்டுக்குப் போனாள். கூடத்துச் சுவர் முழுக்கக் கேடயங்கள். விஷயத்தைக் கேட்டதும் வையாபுரி சாய்வு நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்தார்.

"சட்டப்படி அது என் தேர்வல்ல என்கிறாய்."

"சட்டப்படி அக்காவோடதுங்க. கழட்டணும்னா, 'என் தேர்வு தவறு'ன்னு அவங்களே விரல் வெக்கணும். விதி வந்ததுல இருந்து நாட்டுலயே இன்னும் ஒருத்தரும் அப்பிடி வெக்கலைங்களாம்."

"பெருந்தன்மை இல்லாத நாடு," என்றார் வையாபுரி வருத்தத்தோடு. பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "செம்பகம்! இங்க வா. தப்புப் பண்ணிட்டேன்னு நாளைக்கு ஒரு விரல் வெச்சுட்டு வந்துரு."

செண்பகவல்லி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஐம்பத்தெட்டு வயது. மூக்குக் கண்ணாடியின் ஒரு காலில் நூல் சுற்றியிருந்தது.

"என்ன தப்புங்க?"

"அந்தக் குழாயத் தேர்ந்தெடுத்தது."

"நான் எங்க தேர்ந்தெடுத்தேன்? நீங்க புடிச்ச கையி."

"அதெல்லாம் மிஷினுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியுமுங்களே," என்றார் செண்பகவல்லி. "நா எதயுமே எடுக்கல. எடுக்காத ஒண்ண எப்படித் தப்புன்னு சொல்றது? தப்பா சரியான்னே எனக்குத் தெரியாது."

"சரிதான். இரட்டை அடுக்கு சரிதான். ஆனா நீ தப்புன்னு சொல்லிரு."

இந்த வாக்கியத்தைச் செண்பகவல்லி சிறிது நேரம் யோசித்துப் பார்த்தார். பிறகு துளசிமணியின் பக்கம் திரும்பினார்.

"அப்பிடி விரல் வெக்கலீன்னா என்னாகும் அம்மிணி?"

"நீங்க எங்கூடப் பறக்கோணும்க்கா. அந்தக் குழாயோட."

"அந்தக் குழாயி ஆகாதா?"

"என் கணக்குக்கு ஆகாதுங்க்கா. மேல போனப்பறம் அடைச்சுதுன்னா இஞ்சின் நின்னுரும். கீழ மாரப்பண்ணன் பண்ணை."

"ரெண்டு பேரும் பறக்கவே இல்லீன்னா?"

"நாளைக்குப் பொழுது சாஞ்சா இறக்கைய அறுத்துருவாங்க."

துளசிமணி இதை அழுகிற குரலில் சொல்லவில்லை. கரண்ட் பில் கட்ட மறந்ததைச் சொல்கிற குரலில் சொன்னாள். செண்பகவல்லி அவளுடைய கையைப் பார்த்தார். கட்டைவிரல் நுனி ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் தடவை அழுத்தி வழவழவென்று ஆகியிருந்தது.

"காலைல வர்றேன். ரெண்டு குழாயையும் எடுத்து வெய்யி. நா பார்க்கோணும்."

"நீ பார்த்து என்ன தெரியப்போகுது?" என்றார் வையாபுரி.

"தெரியலீன்னா வெரல் வெச்சுட்டு வந்தர்றேன்," என்றார் செண்பகவல்லி.

*

செண்பகவல்லி ஞாயிறு பதினோரு மணிக்கு வந்தார். கூடவே வையாபுரியும் வந்தார். தன் பேரவையின் தொழில்நுட்ப நிகழ்வு ஒன்று தலைமை இல்லாமல் நடப்பதை அவரால் அனுமதிக்க முடியாது. மற்ற இருபத்திரண்டு வல்லுநர்களுக்கும் அன்று தவிர்க்க முடியாத சொந்த வேலைகள் இருந்தன.

துளசிமணி தன் ஒற்றை அடுக்குக் குழாயையும், இரட்டை அடுக்கில் வெட்டி மிஞ்சிய துண்டையும் மேசை மேல் வைத்தாள். இரண்டும் ஒரே ஆரஞ்சு நிறம். எதுவும் விளக்கப் போகவில்லை. செண்பகவல்லி ஒற்றை அடுக்குக்குள் கையை விட்டார், திருப்பினார், அமுக்கினார். கம்பி வரிகள் மேல் விரலை ஓட்டினார். பிறகு மற்றதை எடுத்து, வெட்டுவாயில் உள்துணியை நகத்தால் நெருடினார்.

"இது தச்சதா, ஒட்டினதா?"

"ஒட்டினதுங்க்கா."

"எங்கூட்டுக்காரருக்கு வந்த பொன்னாடைல நா ஜாக்கெட்டு தெக்கறேன் அம்மிணி. தலகாணி உறை தெக்கறேன். முன்னூறு நானூறு இருக்கும். லைனிங்கத் தச்சம்னா நிக்கும். நேரமில்லேன்னு ஒட்டினம்னா ரெண்டு துவைக்குப் பொறுக்காது, உள்ள சுருட்டிக்கும். வெளிய பார்த்தா மினுமினுன்னுதான் இருக்கும். போட்டவளுக்குத்தான் தெரியும்."

துளசிமணி நான்கு மாதமாகச் சொல்ல முயன்றது அது.

"துணி வேறு, வானூர்தி வேறு," என்றார் வையாபுரி.

"செரி, ஓட்டிப் பார்த்தரலாம்," என்றார் செண்பகவல்லி. "தரையிலயே. நா உக்காந்தா ஸ்டார்ட் ஆகுமல்ல?"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். முதல் தடவை கால் தவறியது. இரண்டாம் தடவை மாரப்பன் கோழித்தீவன மூட்டை ஒன்றைப் படியாகப் போட்டார். பெல்ட் போட்டதும் பலகை சொன்னது: "எல்லோரும் வந்துவிட்டார்கள். நன்றி."

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வாலைக் கம்பத்தில் கட்டி, துளசிமணி இஞ்சினை முழு வேகத்தில் விட்டாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மூன்றாம் நம்பர் ஷெட்டின் புதுக்கூரை அதிர்ந்தது. வையாபுரி கைக்கடிகாரத்தைப் பார்த்துப் புன்னகை செய்தார். இருபது. அவர் பேச்சுக்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டபோது இஞ்சின் ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை இருமியது. பிறகு குலுங்கி நின்றது.

குழாய் வெளியிலிருந்து பார்க்கப் புத்தம்புதிதாக இருந்தது. செண்பகவல்லி வாய்ப்பக்கக் கிளாம்ப்பைத் தளர்த்தச் சொல்லி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். அந்தப் பட்டுப் போன்ற உள்துணி பிரிந்து, நாக்கு மாதிரி மடிந்து, வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

இதே நாக்கு ஆயிரம் அடி உயரத்தில் மடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கிருந்த நான்கு பேரும் கணக்குப் போட்டார்கள். மாரப்பன் தன் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"இது உற்பத்திக் குறைபாடு," என்றார் வையாபுரி. "கொள்கை சரியானது."

"உங்க கொள்கை மேலயே நின்னுருக்கும்ங்க," என்றார் மாரப்பன். "இவுங்க ரெண்டு பேருந்தான் கீழ வந்திருப்பாங்க."

செண்பகவல்லி மீண்டும் பலகைக்கு முன்னால் வந்தார். "இப்பத் தெரிஞ்சுது. இப்ப வெக்கலாம்," என்று கட்டைவிரலை அழுத்தினார்.

பலகை ஒரு கணம் தயங்கியது போலிருந்தது. இந்த வாக்கியத்தை அது இதுவரை சொல்லிப் பழகியதில்லை. "செண்பகவல்லி வையாபுரி தம் தேர்வு தவறு என ஒப்புக்கொண்டார். இது நாட்டில் முதல் பதிவு. பாகத்தை அகற்றலாம்."

"முதல் பதிவா?" என்றார் வையாபுரி. அவர் முகத்தில் முதன்முறையாக உண்மையான வருத்தம் தெரிந்தது. "அடடா. இதற்கு ஏதும் சான்றிதழ் தருவார்களா?"

இஞ்சின் ஆறியதும், கார்புரேட்டரை முழுக்கப் பிரித்து நூல் பிசிறு சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, துளசிமணி ஒற்றை அடுக்குக் குழாயை மாட்டி, கிளாம்ப்பை இறுக்கி, டப்பாவிலிருந்து ஓர் அரிசியை எடுத்து ஒட்டினாள். மணி நாலரை. "மாற்றுப் பாகத்தைத் தேர்ந்தெடுத்தவர் யார்?" என்று பலகை கேட்டது. அவள் கையைத் துடைப்பதற்குள் செண்பகவல்லியின் கட்டைவிரல் அரிசி மேல் இருந்தது.

"அக்கா! நீங்க வெச்சா பத்து மணி நேரம் எங்கூடப் பறக்கோணுமேங்க்கா!"

"தெரியும் அம்மிணி. போனது நா எடுக்கல. இது நா எடுத்தது."

"செம்பகம், என்ன வெளயாட்டு இது?" வையாபுரியின் செந்தமிழ் எங்கோ போய்விட்டிருந்தது. "சாயங்காலம் அன்னூர்ல எனக்கு விழா இருக்குதல்ல? பொன்னாடைய ஆரு வாங்கி வெப்பா?"

செண்பகவல்லி தோளில் மாட்டியிருந்த கட்டைப்பையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். "நாலா மடிச்சு வெய்யுங்க. சுருட்டி வெச்சா ஜரிகை ஒடியும்."

பலகை எல்லோரும் வந்துவிட்டார்கள் என்றது. ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு, சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கையில், விமானம் தரையை விட்டது. மாரப்பன் அது தன் பண்ணையைத் தாண்டும்வரை மூச்சு விடவில்லை. தாண்டியதும், கோழிகள் சார்பில் கையசைத்தார்.

*

பத்து மணி நேரம் முடிய ஆறு ஞாயிறுகள் ஆயின. அதற்குள் வையாபுரி 'ஒற்றை அடுக்கே உயர்வு' என்ற தலைப்பில் ஒன்பது கூட்டங்களில் பேசிவிட்டார்; தான் தொடக்கத்திலிருந்தே இதைத்தான் வலியுறுத்திவந்ததாக ஒவ்வொன்றிலும் குறிப்பிட்டார். செண்பகவல்லி மேலே போனால் அதிகம் பேசுவதில்லை. காற்றாலைகளை எண்ணுவார். ஒரு தடவை தன் வீட்டு மொட்டைமாடியைக் கண்டுபிடித்து, "எவ்வளவு சின்னது பாரு," என்றார்.

ஆறாவது ஞாயிறு இறங்கியதும் துளசிமணி சொன்னாள்: "அவ்வளவுதானுங்க்கா. உங்க அரிசி உங்கள விட்டுருச்சு. இனி நீங்க செரமப்பட்டு வர வேண்டியதில்ல."

"அப்பிடியா," என்றார் செண்பகவல்லி. சிறிது நேரம் இருக்கையைத் தடவிக்கொண்டிருந்தார். "இந்த மெத்தை உறை நைஞ்சுபோச்சு அம்மிணி. நா ஒண்ணு தச்சுத் தரட்டுமா?"

"தாங்க்கா."

செவ்வாய்க்கிழமை அவரே வந்து மாட்டிவிட்டுப் போனதாக மாரப்பன் சொன்னார். மெரூன் நிறப் பட்டு, அரையடி ஜரிகைக் கரை, உள்ளே அழுத்தித் தைத்த லைனிங். அடுத்த ஞாயிறு காலை துளசிமணி தனியாகப் போய் உட்கார்ந்தாள். பெல்ட் போட்டாள். சாவியைத் திருப்பினாள்.

இஞ்சின் அசையவில்லை.

"செண்பகவல்லி வையாபுரி இன்னும் வரவில்லை," என்றது பலகை. "காத்திருக்கிறேன்."

துளசிமணி குனிந்து உறையின் ஓரத்தைத் தடவினாள். ஜரிகைக் கரைக்குள்ளே, தையலோடு தையலாக, ஓர் அரிசி தட்டுப்பட்டது. மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணினாள். உறையில் இருந்தது ஒன்று; டப்பாவில் காணாமல் போயிருந்தது ஏழு.

அவள் சாவியை எடுத்துவிட்டு, போனை எடுத்தாள்.

"ஏனுங்க்கா, கெளம்பிட்டீங்களா?"

"வெளிய கேட்டுப் பக்கத்துலதான் நிக்கிறேன் அம்மிணி," என்றார் செண்பகவல்லி. "தொறந்து விடு."